கற்காரைப் படிக்கட்டுச் சீரமைப்பு

கற்காரைப் படிக்கட்டுச் சீரமைப்பு என்பது வெயிலிலும் மழையிலும் கிடந்து தேய்ந்தோ, உதிர்ந்தோ, ஓரம் உடைந்தோ போன வெளிப்புறக் கற்காரைப் படிகளை மீண்டும் பாதுகாப்பாக ஏறி இறங்கத்தக்க நிலைக்குக் கொண்டுவரும் கட்டுமானப் பணி ஆகும். கற்காரை பேச்சு வழக்கில் காங்கிரீட் எனப்படும். கொத்தனார் ஒருவர் அரை நாளில் முடிக்கக்கூடிய சிறு வேலையாக இது கருதப்பட்டாலும், ஒட்டுப் போட்ட படி ஓரிரு ஆண்டுகளுக்குள் தகடு தகடாகப் பெயர்ந்து விடுவது தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் காட்சியாகும். பூசப்பட்ட கலவையின் வலிமைக் குறைவு இதற்குக் காரணமாவது அரிது. பழைய கற்காரைக்கும் புதிய கலவைக்கும் இடைப்பட்ட ஒட்டுப்பரப்பு சரியாக அமையாமையும், படியைக் கெடுத்த மூல காரணம் நீக்கப்படாமையுமே பெரும்பாலான தோல்விகளுக்கு அடிப்படை ஆகும்.

இப்பொருள் பற்றிய வழிகாட்டிகளில் பெரும்பாலானவை வட அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கு படிகள் சிதைவதற்கு முதன்மைக் காரணம் உறைபனி ஆகும். கற்காரையின் நுண்துளைகளில் புகுந்த நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருமன் பெருகி மேற்பரப்பைச் செதிள்களாக உரித்துவிடும். பனியை உருக்கத் தூவப்படும் உப்பு இதை மேலும் விரைவுபடுத்தும். தொராண்டோவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்திற்குப் பொருந்தும் அந்த அறிவுரைகள் தமிழகச் சமவெளிக்குப் பொருந்தா. இங்கு படிகளைக் கெடுப்பவை வேறு. ஆகையால் இக்கட்டுரை தருமபுரி மாவட்டம் ஏரியூர் வட்டாரம் போன்ற உள்நாட்டு வெப்பப் பகுதிகளின் சூழலை முதன்மையாகக் கொண்டு எழுதப்படுகிறது.

ஏரியூர் வட்டாரச் சூழல்

ஏரியூர், தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம் பகுதியில் அமைந்துள்ள ஊர். ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமும் ஆகும். காவிரியும் மேட்டூர் நீர்த்தேக்கமும் தொலைவில் இல்லை என்றாலும், சுற்றியுள்ள ஊர்களில் கோடை வெப்பமும் வறண்ட காற்றும் கடுமையானவை. கற்காரை வேலைக்கு இவ்விரண்டும் பகை. புதிதாக இட்ட கலவையிலுள்ள நீர், சிமெண்ட்டுடன் வேதிவினை புரிந்து முடிக்கும் முன்பே ஆவியாகிவிடும்.

தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருப்பது பலரும் அறிந்தது. இதன் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. பற்களையும் எலும்புகளையும் பாதிக்கும் இந்த நீர் கற்காரையையும் பாதிக்குமா என்ற ஐயம் மாணவர்களுக்கு எழலாம். குடிநீருக்கு இந்தியத் தரம் அனுமதிக்கும் உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் புளோரைடு. அதனினும் சில மடங்கு மிகுந்த நீரால் கலவை குழைத்தாலும் கற்காரைக்குத் தீங்கு நேராது. உண்மையில், தூசி கிளம்பும் கற்காரைத் தளங்களை இறுகச் செய்யும் பூச்சுகளிலேயே மக்னீசியம் புளுவோசிலிக்கேட்டு போன்ற புளோரின் சேர்மங்கள் பயன்படுகின்றன. கவனிக்க வேண்டியவை குளோரைடும் சல்பேட்டும் ஆகும். கற்காரைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456:2000, கலவை நீரில் குளோரைடு கம்பியுள்ள கற்காரைக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமையும், கம்பியில்லாக் கற்காரைக்கு 2000 மில்லிகிராமையும், சல்பேட்டு 400 மில்லிகிராமையும் மிகலாகாது என்கிறது. உவர்ப்புச் சுவை தெளிவாகத் தெரியும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கம்பியுள்ள படிகளுக்குத் தவிர்ப்பது நல்லது. ஒரு படியின் ஓரத்தைச் சீரமைக்கத் தேவைப்படுவது ஒரு குடத்திற்கும் குறைந்த நீரே என்பதால், குடிநீரைப் பயன்படுத்துவதில் பெரும் செலவு ஏதும் இல்லை.

படிகளின் வகை

சீரமைப்பைத் தொடங்கும் முன் படி எதனால் ஆனது என்பதை அறிதல் வேண்டும். வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். கிராமப்புற வீடுகளின் வாசற்படிகளிற் பல உண்மையில் கற்காரைப் படிகள் அல்ல. செங்கல்லையோ உடைகல்லையோ அடுக்கி, மேலே சிமெண்ட் பூச்சு பூசியவை. இவற்றில் உடைவது பூச்சு மட்டுமே. கட்டுவேலை அசையாமல் இருந்தால் பூச்சை முழுவதும் நீக்கி மறுபடி பூசினால் போதும்.

மண்ணின்மீது நேரடியாக வார்க்கப்பட்ட கம்பியில்லாத் திண்மப் படிகள் இரண்டாம் வகை. மாடிக்குச் செல்லும் வெளிப்படிகள் மூன்றாம் வகை. இவை சாய்வான கற்காரைப் பலகையின்மீது அமைந்து, அடிப்புறத்தில் இழுவிசையைத் தாங்க முறுக்குக் கம்பிகளைக் கொண்டவை. இவ்வகையில் மேலே மிதியில் தெரியும் சேதத்தைவிட, கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும் சேதமே முக்கியமானது. மிதி தேய்ந்த படியில் கால் இடறும். அடிப்புறக் கம்பி துருத்தெழுந்த படியோ பாரம் தாங்காமற் போகலாம். சுவரில் ஒரு முனை மட்டும் பதிந்து மறுமுனை அந்தரத்தில் நிற்கும் தனித்தனிப் பலகைப் படிகளும் சில வீடுகளில் உண்டு. இவற்றில் கம்பி மேற்புறத்தில் இருக்கும் என்பதால், மேற்பரப்பைக் கொத்தும் வேலையைப் பொறியாளரின் மேற்பார்வை இன்றிச் செய்தல் கூடாது.

சிதைவுக்கான காரணங்கள்

தமிழகச் சமவெளியில் படிகள் கெடுவதற்கான விதை பெரும்பாலும் அவை வார்க்கப்பட்ட நாளிலேயே ஊன்றப்படுகிறது. கலவை எளிதாகப் பரவ வேண்டும் என்பதற்காக மிகுதியாக நீர் ஊற்றப்படுவது முதற் காரணம். அமெரிக்கப் பொறியாளர் டஃப் ஏப்ராம்சு 1918-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முழுமையாக இறுக்கப்பட்ட கற்காரையின் வலிமை அதிலுள்ள நீருக்கும் சிமெண்ட்டுக்கும் இடையேயான எடை விகிதத்தைச் சார்ந்தது. விகிதம் கூடக் கூட வலிமை குறையும். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 25 லிட்டர் நீர் என்பது 0.5 விகிதம். வேலையிடத்தில் அளவின்றி வாளியால் ஊற்றும்போது இது 0.7-ஐயும் தாண்டிவிடும். மிகுந்த நீர் மேலே ஊறிவந்து, சிமெண்ட்டின் நுண்துகளையும் மணலின் தூசியையும் மேற்பரப்பில் சேர்த்துவிடுகிறது. காய்ந்தபின் இந்த ஏடுதான் கால் பட்டுத் தூசியாகக் கிளம்புவது.

ஊறிவந்த அந்நீரை வற்றச் செய்ய உலர் சிமெண்ட்டைத் தூவிக் கரண்டியால் தேய்த்துப் பளபளப்பாக்கும் வழக்கம் இன்னும் உள்ளது. வீட்டுக்காரர் விரும்புவதும் அந்தப் பளபளப்பையே என்பதால் கொத்தனாரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் சிமெண்ட் செறிந்த அம்மெல்லிய ஏடு, அடியிலுள்ள கற்காரையைவிட மிகுதியாகச் சுருங்கிச் சிலந்தி வலை போன்ற நுண்வெடிப்புகளைப் பெறும். மழையில் வழுக்கவும் செய்யும்.

கம்பியுள்ள படிகளில் மற்றொரு வேதிச்செயல் பல்லாண்டுகளாக ஓசையின்றி நிகழ்கிறது. புதிய கற்காரை 12.5-க்கு மேற்பட்ட பி.எச். மதிப்பு உடைய வலிய காரம். இக்காரச் சூழலில் இரும்புக் கம்பியின்மீது மெல்லிய காப்புப் படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகள் வழியே நுழைந்து, கால்சியம் ஐதராக்சைடுடன் வினைபுரிந்து அதைச் சுண்ணாம்புக் கல்லாக, அதாவது கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. பி.எச். 9-க்கும் கீழே இறங்குகிறது. இது கார்பனேற்றம் எனப்படும். இதன் ஆழம் தோராயமாகக் காலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதத்தில் வளரும். பத்தாண்டுகளில் 10 மில்லிமீட்டர் ஊடுருவியிருந்தால், 20 மில்லிமீட்டரை எட்ட இருபது ஆண்டுகள் அல்ல, நாற்பது ஆண்டுகள் ஆகும். கம்பிக்கு மேலே இருக்க வேண்டிய கற்காரைப் போர்வையின் தடிப்பு ஏன் இவ்வளவு வலியுறுத்தப்படுகிறது என்பது இதனால் விளங்கும்: போர்வை பாதியானால் காப்புக்காலம் கால்பங்காகிறது. ஐ.எஸ். 456 மிதமான சூழலுக்கு 30 மில்லிமீட்டர் போர்வையைக் கோருகிறது. வார்ப்பின்போது கவர் கட்டைகள் வைக்கப்படாமல் கம்பி பலகையின்மேல் படிந்து கிடந்த படிகளில் சில இடங்களில் 5 மில்லிமீட்டர்கூட இருப்பதில்லை.

துரு, தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பருமன் கூடியது. அந்த விரிவே கற்காரையை உள்ளிருந்து பிளக்கிறது. சென்னை, இராமேசுவரம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றின் குளோரைடு இதைப் பன்மடங்கு விரைவுபடுத்தும். தருமபுரி போன்ற உள்மாவட்டங்களில் கார்பனேற்றமே முதன்மையான வழி.

இவை தவிர, வீட்டுப் புழக்கம் சார்ந்த காரணங்களும் உண்டு. கூரைநீர் ஒரே இடத்தில் படிமீது சொட்டுதல், படியின்மேல் விறகு பிளத்தல், உர மூட்டைகளை அடுக்குதல் ஆகியன எடுத்துக்காட்டுகள். அம்மோனியம் சல்பேட்டு உரம் ஈரத்துடன் சேர்ந்து கற்காரையை அரிக்கும் என்பதை உழவர்களிற் பலர் அறிவதில்லை. கறை போக்கக் கழிவறை அமிலத்தை ஊற்றித் தேய்ப்பதும் இத்தகையதே. ஐதரோகுளோரிக் அமிலம் சிமெண்ட் பசையைக் கரைப்பதோடு குளோரைடையும் உள்ளே விட்டுச் செல்கிறது. வெடிப்பில் முளைக்கும் அரசங்கன்றை வெறுமனே ஒடித்துவிட்டால் மீண்டும் துளிர்க்கும். வெடிப்பைத் திறந்து வேரோடு களைந்த பின்னரே அடைக்க வேண்டும்.

ஆய்வும் முடிவும்

முதற் சோதனைக்குச் சிறு சுத்தியல் போதும். படியெங்கும் தட்டிக்கொண்டே வரும்போது திடமான இடம் கணீரென்றும், உள்ளே பிரிந்த இடம் பொத்தென்றும் ஒலிக்கும். பொத்தென்று ஒலிக்கும் பகுதியைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக் கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியும் உடைவைவிட இவ்வட்டம் பெரும்பாலும் பெரிதாகவே அமையும்.

கார்பனேற்றத்தை அறியப் பள்ளி ஆய்வகத்திலுள்ள பினாப்தலீன் கரைசலே பயன்படுகிறது. புதிதாக உடைத்த பரப்பில் தெளித்தால், காரத்தன்மை நிலைத்திருக்கும் பகுதி இளஞ்சிவப்பாகும். கார்பனேற்றம் அடைந்த பகுதி நிறமின்றி நிற்கும். நிறமற்ற பட்டை கம்பியைத் தாண்டியிருந்தால், ஓரிடத்தில் ஒட்டுப் போடுவதால் மட்டும் சிக்கல் தீராது.

அடுத்தது, சீரமைப்பதா இடித்துக் கட்டுவதா என்ற முடிவு. படிக்கட்டு முழுவதுமாகச் சுவரிலிருந்து விலகிச் சாய்ந்திருந்தால், அடிமண் இறங்குகிறது என்று பொருள். மேலே எவ்வளவு நேர்த்தியாகப் பூசினாலும் வெடிப்பு மீண்டும் வரும். கம்பிகள் மெலிந்திருந்தால் விட்டத்தை அளந்து பார்க்க வேண்டும். 10 மில்லிமீட்டர் கம்பி 8.5 மில்லிமீட்டராகத் தேய்ந்தாலே அதன் குறுக்குப்பரப்பில் சுமார் 28 விழுக்காடு போய்விட்டது. கால்பங்குக்கு மேல் இழந்த கம்பிக்குத் துணைக்கம்பி சேர்க்காமல் மூடிவிடுவது ஆபத்தை மறைப்பதே அன்றிச் சீரமைப்பு ஆகாது. இத்தகைய மாடிப்படிகளைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டியே முடிவெடுக்க வேண்டும். அதுவரை கீழே முட்டுக் கொடுத்து, பயன்பாட்டை நிறுத்தி வைப்பது முறை.

அரசுத் தொகுப்பு வீடுகளில் வசிப்போருக்கு இம்முடிவு பொருளாதாரச் சிக்கலும் ஆகும். பல பத்தாண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட அவ்வீடுகளின் பழுது தமிழகத்தில் பொதுப் பிரச்சினையாகி, பழைய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2024-இல் முன்வைத்தது.

பழைய பரப்பை ஆயத்தம் செய்தல்

சீரமைப்பின் பாதிக்கு மேற்பட்ட உழைப்பு கலவை குழைக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். பொத்தலான பகுதி அனைத்தையும் உளியாலும் சுத்தியலாலும் கொத்தி, ஜல்லி உடைந்து தெரியும் திடமான கற்காரை வரும் வரை நீக்க வேண்டும். பெரிய இடிப்பு எந்திரம் சிறு படிகளில் நல்லதையும் சேர்த்து அதிரச் செய்து நுண்வெடிப்புகளை உண்டாக்கும். கை உளியே ஏற்றது.

ஒட்டின் ஓரங்கள் தாள்போல மெலிந்து முடிதல் கூடாது. வெட்டுச் சக்கரத்தால் எல்லைக்கோடு முழுவதும் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாக வெட்டிக்கொண்டு, அதற்குள் கொத்த வேண்டும். விளிம்பு மெல்லியதாக இருந்தால் அதிலுள்ள ஈரம் ஒரு மணி நேரத்திலேயே வெயிலுக்கு வற்றி, முதலில் பெயர்வது அவ்விடமாகவே இருக்கும். பூச்சு உரிந்த படிகளை உற்று நோக்கினால் பெரும்பாலும் ஓரத்திலிருந்தே உரிதல் தொடங்கியிருப்பதைக் காணலாம்.

துருவேறிய கம்பி தெரிந்தால், அதன் முன்பக்கத்தை மட்டும் சுரண்டிவிட்டு மூடுவது பயனற்றது. கம்பியின் பின்புறமும் விரல் நுழையும் அளவு, அதாவது சுமார் 20 மில்லிமீட்டர், இடைவெளி தோண்டிச் சுற்றிலும் கம்பித் தூரிகையால் துரு நீக்க வேண்டும். பின்னர் துத்தநாகம் செறிந்த பூச்சோ, சிமெண்ட்-பலபடிப் பூச்சோ இடலாம். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் கம்பிகளுக்கான சிமெண்ட் சார்ந்த காப்புப் பூச்சு முறைகளை உருவாக்கிய நிறுவனங்களுள் ஒன்று. 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட இந்நிறுவனம் அரிமான ஆய்வில் இந்தியாவில் முன்னோடியாகும்.

ஒட்டுப் போட்ட இடம் நன்றாக இருக்க, அதற்கு அடுத்த இடம் புதிதாகத் துருத்தெழுவது சில படிகளில் நேரும். குறிப்பாக உப்பு ஏறிய கற்காரையில் இது நிகழ்கிறது. முன்பு துருப்பிடித்துக் கொண்டிருந்த பகுதி நேர்மின்வாயாகச் செயல்பட்டுத் தன் அண்டைப் பகுதியைக் காத்துவந்தது. அதைச் சீர்செய்தவுடன் அக்காப்பு நீங்கி, அண்டைப் பகுதி நேர்மின்வாயாக மாறுகிறது. கொத்தனாரின் கைத்திறனில் குறை இல்லாமலேயே நிகழும் தோல்வி இது.

தூசியை ஊதியும் துடைத்தும் நீக்கியபின், பழைய கற்காரைக்கு முந்தைய நாள் முதலே நீர் காட்ட வேண்டும். உலர்ந்த பழைய கற்காரை புதுக்கலவையின் நீரை உறிஞ்சிவிடும். ஆயினும் கலவை இடும் நேரத்தில் மேற்பரப்பில் நீர் தேங்கி நிற்கலாகாது. உள்ளே ஈரமும் மேலே மினுமினுப்பற்ற உலர்வும் இருக்கும் நிலையே சரியானது.

ஒட்டுப்பால்

புதுக்கலவைக்கு முன் பூசப்படும் சிமெண்ட் பால் பற்றித் தனியே கூறுதல் தகும். பால் ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் கலவை விழுந்தால்தான் அது பசை. பாலைப் பூசிவிட்டுத் தேநீர் குடித்து வரச் சென்றால், தருமபுரியின் ஏப்ரல் வெயிலில் அது சில நிமிடங்களில் காய்ந்து, இரண்டு பரப்புகளையும் பிரித்து வைக்கும் தூசித்திரையாகிவிடும். எனவே ஒருவர் தூரிகையால் தேய்த்துக்கொண்டே செல்ல, மற்றவர் பின்னாலேயே கலவை இட்டுவர வேண்டும். காய்ந்துவிட்ட இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசுதல் வேண்டும்.

பாலுடன் எஸ்.பி.ஆர். எனப்படும் செயற்கை ரப்பர் பாலையோ, அக்ரிலிக் பாலையோ சேர்ப்பது ஒட்டும் திறனைக் கூட்டும். தச்சு வேலைக்கான வெள்ளைப் பசையைச் சிலர் மாற்றாகப் பயன்படுத்துகின்றனர். அது நீர் பட்டால் மீண்டும் இளகக்கூடியது, வெளிப்படிகளுக்கு ஏற்றதன்று. எப்பாக்சிப் பசை வலிமையானது என்றாலும், எப்பாக்சிக் காரை வெப்பத்தால் கற்காரையைவிட இரண்டு மூன்று மடங்கு விரிவடையும் தன்மையது. அதைத் தடிப்பாக இட்டு வெயிலில் விட்டால் அடியிலுள்ள கற்காரையையே பெயர்த்துக்கொண்டு வரும்.

கலவையும் அளவும்

சிமெண்ட் மிகுந்தால் ஒட்டு உறுதியாகும் என்பது பரவலான தவறான கருத்து. பழைய கற்காரை சுருங்கி முடித்தது. புதியது இனிமேல்தான் சுருங்கப் போகிறது. வடிவமைப்புக் கணக்கிற்கு ஐ.எஸ். 456 தரும் சுருக்க அளவு 0.0003 ஆகும். அதன்படி 1200 மில்லிமீட்டர் நீளப் படியில் சுருக்கம் 0.36 மில்லிமீட்டர். சிமெண்ட்டும் நீரும் மிகுந்த காரை இதனினும் கூடுதலாகச் சுருங்கும். இவ்விசையைத் தாங்க வேண்டியது ஒட்டுப்பரப்பே. எனவே ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு மூன்று பங்கு மணல் என்ற காரை மெல்லிய ஒட்டுகளுக்குப் போதும். 40 மில்லிமீட்டருக்கு மேல் தடிப்புள்ள இடங்களில் சிறு ஜல்லி சேர்த்த கற்காரையே சிறந்தது, ஜல்லி சுருங்குவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு: 1200 மில்லிமீட்டர் நீளப் படியின் முன்விளிம்பில் 100 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் ஆழமும் உடைந்துள்ளது எனக் கொள்வோம். நிரப்ப வேண்டிய பருமன் 6 லிட்டர். குழைக்கும்போது குறையும் பருமனைக் கருதி 1.3 ஆல் பெருக்கினால் உலர்கலவை சுமார் 8 லிட்டர். இதில் 2 லிட்டர் சிமெண்ட், அதாவது ஏறத்தாழ 2.9 கிலோ, 6 லிட்டர் மணல். நீர் விகிதம் 0.45 எனில் 1.3 லிட்டர். ரப்பர் பால் சேர்த்தால் அதிலுள்ள நீரையும் இக்கணக்கில் கழிக்க வேண்டும். மூன்று கிலோ சிமெண்ட்டுக்காக யாரும் புதுமூட்டை வாங்குவதில்லை. மழைக்காலம் முழுவதும் வாய்திறந்து கிடந்த பழைய மூட்டையே எடுக்கப்படுகிறது. கட்டிபட்ட அச்சிமெண்ட் ஈரத்துடன் முன்பே வினைபுரிந்து விட்டது. சலித்தாலும் இழந்த வலிமை திரும்பாது. சில்லறையாக விற்கும் கடைகளில் புதிய சிமெண்ட் வாங்குவது இவ்விடத்தில் சிக்கனமே.

முன்விளிம்பு

படியில் முதலில் உடைவதும், ஒட்டுப் போட்டபின் மீண்டும் உடைவதும் முன்விளிம்பே. இறங்கும்போது உடலின் எடை அங்கு விழுகிறது. சமதளப் பூச்சைப் போல வெறும் ஒட்டுத்திறனை நம்பி இதை நிறுத்த இயலாது. உடைந்த பரப்பில் சுமார் 200 மில்லிமீட்டர் இடைவெளியில் துளையிட்டு, 6 அல்லது 8 மில்லிமீட்டர் கம்பித் துண்டுகளை எப்பாக்சியால் பதித்து, அவற்றைச் சுற்றிக் கலவை இடுதல் நல்லது. கம்பி முனைக்கு மேல் போதிய போர்வை இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் சீரமைப்பே புதிய துருவுக்கு வித்தாகும். முன்புறத்தில் எண்ணெய் தடவிய பலகையைச் செங்கல் முட்டுக்கொடுத்து நிறுத்தி, கலவையைக் குத்தி இறுக்கி, மேற்பரப்பை மட்டப்பலகையால் சமன்செய்ய வேண்டும். முனையைக் கூராக விடாமல் சற்றே உருட்டிவிட்டால் சில்லு உடைவது குறையும். விழுபவருக்குக் காயமும் குறையும்.

படி உயரம்

தேய்ந்த மிதிகள் அனைத்தின் மீதும் ஒரே தடிப்பில் புதுத்தளம் போடும்போது ஒரு வடிவியல் சிக்கல் எழுகிறது. ஒவ்வொரு மிதியும் 25 மில்லிமீட்டர் உயர்ந்தால், இடைப்படிகளின் ஏற்றம் மாறாது. ஆனால் தரைக்கும் முதற்படிக்கும் இடையிலான ஏற்றம் 25 மில்லிமீட்டர் கூடிவிடும். கடைசிப் படிக்கும் வீட்டுத் தளத்துக்கும் இடையிலான ஏற்றம் 25 மில்லிமீட்டர் குறைந்துவிடும். 150 மில்லிமீட்டர் ஏற்றமுள்ள மூன்று மிதிப் படிக்கட்டு, 175, 150, 150, 125 என்று ஆகும்.

ஏறுபவரின் கால் முதல் ஓரிரு படிகளின் உயரத்தைப் பழகிக்கொண்டு, பின் பார்க்காமலே அதே அளவுக்கு உயர்கிறது. ஏற்றம் திடீரென மாறும் இடத்தில்தான் தடுக்கி விழ நேர்கிறது. முதியோருக்கு இடுப்பெலும்பு முறிவு என்பது பெரும்பாலும் அறுவையிலும் நீண்ட படுக்கையிலும் கொண்டுபோய் விடுவது. அழகாகப் பூசப்பட்ட, ஆனால் ஏற்றம் மாறிய படி, தேய்ந்த பழைய படியைவிடக் கெடுதலானதாகலாம். எனவே புதுத்தளம் இடுவதானால் படியடித் தரையையும் அதே அளவு உயர்த்த வேண்டும். மேலே வாசல் தளத்தை உயர்த்த இயலாவிடில், பழைய மிதிகளைக் கொத்தி ஆழப்படுத்திக்கொண்டு பழைய மட்டத்துக்கே பூச வேண்டும். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருப்புகளில் ஏற்றம் 190 மில்லிமீட்டருக்கு மிகாமலும் மிதி 250 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்கவும், பள்ளி முதலிய பொதுக் கட்டடங்களில் ஏற்றம் 150-க்கு மிகாமலும் மிதி 300-க்குக் குறையாமலும் இருக்கவும் கூறுகிறது.

மிதி முற்றிலும் கிடைமட்டமாக இருந்தால் நீர் தேங்கும். 300 மில்லிமீட்டர் மிதியில் முன்நோக்கி 3 முதல் 6 மில்லிமீட்டர் சாய்வு போதும். மேற்பரப்பை இரும்புக் கரண்டியால் வழவழப்பாக்காமல், சற்று இறுகியபின் தென்னந்துடைப்பத்தால் குறுக்காக ஒருமுறை இழுத்துவிட்டால் பாதத்துக்குப் பிடிப்பு கிடைக்கும்.

நீராற்றுதல்

வேலை முடிந்ததாகக் கருதப்படும் கணத்தில்தான் இப்பணியின் மிக முக்கியக் கட்டம் தொடங்குகிறது. ஐ.எஸ். 456-இன்படி சாதாரண போர்ட்லாந்து சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாள்களும், சாம்பல் கலந்த பொசோலானா சிமெண்ட்டுக்கு 10 நாள்களும் பரப்பு இடைவிடாது ஈரமாக இருக்க வேண்டும். வறண்ட வெப்பச் சூழலில் எந்தச் சிமெண்ட்டுக்கும் 10 நாள்களுக்குக் குறையக்கூடாது. கலப்புச் சிமெண்ட்டுக்கு 14 நாள்கள் பரிந்துரைக்கப்படுகின்றன. இன்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பங்கு பொசோலானா வகையே. மேட்டூர் போன்ற அனல்மின் நிலையங்களின் எரிசாம்பல் இவ்வகைச் சிமெண்ட்டுக்கான மூலப்பொருள். சாம்பலின் வேதிவினை மெதுவானது என்பதால் நீண்டநாள் ஈரம் தேவைப்படுகிறது. நடைமுறையிலோ இரண்டு மூன்று நாள்கள் காலையும் மாலையும் ஒரு குடம் நீர் தெளிப்பதோடு முடிந்துவிடுகிறது. நனைந்தும் காய்ந்தும் மாறிமாறி வரும் புதுப்பரப்பு விரிந்து சுருங்கி வெடிக்கும். ஆகவே ஈரச்சாக்கைப் போர்த்தி, அதன்மேல் பாலித்தீன் தாளை விரித்துக் கற்களால் அழுத்தி வைப்பது, பலமுறை தெளிப்பதைவிடக் குறைந்த நீரில் நிறைந்த பயன் தரும். தண்ணீர் விலைக்கு வாங்கும் ஊர்களில் இது சிறிய செய்தி அன்று.

ரப்பர் பால் சேர்த்த காரைக்கு இவ்விதி மாறும். அதை ஓரிரு நாள்கள் மட்டும் ஈரமாக வைத்து, பின்னர் உலரவிட வேண்டும். உலரும்போதுதான் ரப்பர் துகள்கள் இணைந்து படலமாகின்றன. கலன்மீது அச்சிட்டுள்ள தயாரிப்பாளர் குறிப்பே இதில் இறுதியானது.

கோடையில் வேலையைப் பிற்பகல் நான்கு மணிக்குமேல் தொடங்குவது நல்லது. இரவு முழுவதும் குளிர்ச்சியில் கலவை இறுகும்.

கல் பலகையால் மூடுதல்

தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்கள் கருங்கல்லுக்குப் பெயர்பெற்றவை. ஆகையால் கெட்டுப்போன படிகளின்மேல் கல் பலகை பதித்து மூடிவிடும் முறை இங்கு எளிதாகவும் மலிவாகவும் தோன்றும். திடமான படிமீது இது நல்ல தீர்வே. கல்லின் தேய்மானம் சிமெண்ட்டைவிட மிகக் குறைவு. ஆனால் பொத்தலான கற்காரையைக் கொத்தி எடுக்காமல் அதன்மேல் கல் பதித்தால், சிதைவு கண்ணுக்கு மறைந்து தொடரும். மெருகேற்றிய கல் மழையில் கண்ணாடிபோல் வழுக்கும் என்பதால், கொத்திய அல்லது தீயால் சொரசொரப்பாக்கிய பரப்புடைய கல்லே வெளிப்படிக்கு உரியது. மேலே கூறிய ஏற்றக் கணக்கு, பலகைத் தடிப்பும் அடிக்காரையும் சேர்த்து இங்கும் பொருந்தும்.

வேலையிடப் பாதுகாப்பு

ஈரச் சிமெண்ட் வலிய காரம் ஆதலால் தோலைப் புண்ணாக்கும். வெறுங்காலோடும் வெறுங்கையோடும் கலவை மிதிக்கும் சித்தாள்களின் விரலிடுக்குகளில் காணும் வெடிப்புகள் இதனால் ஏற்படுபவை. ரப்பர் கையுறையும் காலணியும் கொடுப்பது வேலை தருபவரின் பொறுப்பு. வெட்டுச் சக்கரம் கிளப்பும் தூசியில் நுண்ணிய சிலிக்கா உள்ளது. பல்லாண்டு சுவாசித்தால் சிலிக்கோசிசு என்னும் நுரையீரல் நோய் வரும். வெட்டும் கோட்டில் நீர் சொட்டவிட்டு வெட்டினால் தூசி பெருமளவு அடங்கும். மின்கருவியுடன் நீரைப் பயன்படுத்தும்போது மின்கசிவுத் துண்டிப்பான் உள்ள இணைப்பையே பயன்படுத்த வேண்டும்.

சீரமைத்த படிமீது ஒரு நாள் கழித்துக் கவனமாக நடக்கலாம். இருசக்கர வண்டியை ஏற்றுவதற்கு ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். வீட்டுக்கு ஒரே வாசல்தான் எனில், படியின் அகலத்தைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதி இறுகியபின் மறுபாதியைச் செய்வது வழக்கம். அப்போது நடுவில் ஏற்படும் இணைப்புக் கோட்டிலும் செங்குத்து வெட்டும் ஒட்டுப்பாலும் அவசியம்.